சமையல்கட்டை இடித்த பிளான்

நேர்மையாக இருந்ததால் கெட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நான் கெட்டது வெறும் பழக்க தோஷத்தால்.

ஐம்பதுகளில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் அளப்பது என் வேலை. கால் துண்டு, வயிற்றோரம் என்று எதையும் விடக் கூடாது. அரை அங்குலம் விட்டாலும் மேஸ்திரி கத்துவார்.

அப்போது குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் சரோஜா. ஒரு முறை பார்த்ததிலேயே விழுந்துவிட்டேன். ஆனால் வாலாஜாபேட்டையில் எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஏழு பேர். "மாடியில ஒரு ரூம் கட்டுங்க. அப்புறம் முகூர்த்தம் வெச்சுக்கலாம்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

மாடியில் கட்டுவதற்கு முனிசிபாலிட்டியில் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். "பிளான் போடறதுக்குன்னே ஒரு ஆளு கீறான்டா, அவன்கிட்ட குடுத்துடலாம்" என்றார் என் அப்பா.

"தினமும் அளக்கறவன் நானு. எனக்கு இன்னாத்துக்கு இன்னோர் ஆளு?" என்றேன். (திமிர்!)

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டேப்பும் கையுமாக அலைந்தேன். சுவர், படிக்கட்டு, கோழிக்கூடு, ஒன்றையும் விடவில்லை. பின்பக்கம் சமையல்கட்டு எங்கள் எல்லையைத் தாண்டி முனிசிபாலிட்டி சந்தில் நான்கடி நீட்டிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்துச் சமாச்சாரம், யாரும் கேட்டதில்லை. அதையும் சிவப்பு மையில் வரைந்து, 'சந்தில் நான்கடி' என்று அழகாக எழுதினேன்.

முனிசிபாலிட்டி ஓவர்சியர் பிளானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத யாருப்பா வரைஞ்சது?"

"நான்தான் சார்." நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"சந்துல கீறதையும் நீயேதான் போட்டியா?"

"ஒரு அங்குலம் தப்பு இருக்காது சார். நீங்களே வந்து அளந்து பாருங்க."

வந்து அளந்தார். ஓர் அங்குலமும் தப்பில்லை.

பதினைந்து நாளில் காகிதம் வந்தது. மாடி அறைக்கு அனுமதி உண்டு. சந்தில் நிற்கும் சமையல்கட்டை உடனே இடிக்க வேண்டும். "நான் பாட்டுக்கு சமைச்சினு இருந்தேன், இப்டி பேஜார் பண்ணிட்டியேடா" என்று அம்மா அழுதாள்.

மாடி அறை எழும்பியதும் வேறு வழியில்லாமல் அம்மா அங்கே அடுப்பை வைத்தாள். அறையைப் பார்க்கப் படியேறிய சரோஜாவின் அப்பா, புகையில் இருமிக்கொண்டே இறங்கினார். "இன்னொரு ரூம் கட்டினா சொல்லி அனுப்புங்க" என்றவர் காபிகூடக் குடிக்கவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஒன்றரை வருஷம் கழிந்தது. இரண்டாவது அறைக்கு அப்பா சொன்ன ஆள்தான் பிளான் போட்டார். டேப்பின் நுனியைப் பிடிக்கக்கூட என்னை விடவில்லை.

நல்லவேளை, சரோஜா காத்திருந்தாள், கல்யாணமும் நடந்தது. ஆனால் இன்றுவரை வீட்டுக்கு ஜனத்தொகைக் கணக்கெடுக்க யாராவது வந்தால், அவள் முதலில் என் கையில் பையைத் திணித்துக் கடைக்கு அனுப்பிவிடுவாள். பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

"மெதுவா போய்ட்டு வாங்க" என்பாள். "அவங்க கேக்கறதுக்கு மட்டும் நான் பதில் சொல்லி அனுப்பிடறேன்."