ரசிகரை ரிலீஸ் செய்த கதை

சொந்த அணி போட்ட கோலில் பாதியை மட்டும் ஒப்புக்கொண்ட கால்பந்து ரசிகர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் பஞ்சர் அண்ணன். உள்ளூர்ப் பையன் கோல் போட்டால் மைதானமே அதிர முழு ஹாரன் அடிப்பார். வெளியூரிலிருந்து கூட்டி வந்த கெஸ்ட் பிளேயர் போட்டால் அரை ஹாரன்தான். எதிரணிக்காரன் கால் தவறித் தன் வலைக்குள்ளேயே அடித்துவிட்டால் ஹாரனே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனைத் தேடிப் போய் ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார்.

ஹாரன் என்றதும் கையால் அமுக்குகிற ரப்பர் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். குளத்தூர் ரோட்டில், எங்கள் ஊர்த் திருப்பத்தில் அவருக்குப் பஞ்சர் கடை. எங்கோ உடைத்துப் போட்ட லாரியிலிருந்து ஏர் ஹாரன் ஒன்றைக் கொண்டுவந்து, பழைய கம்ப்ரஸர் டேங்க் ஒன்றில் மாட்டி, அதை மொபெட்டின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு டேங்க் நிறையக் காற்றை ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். ஆறு மணிக்குள் டேங்கில் காற்று தீர்ந்திருக்கும். எங்களுக்குக் காது தீர்ந்திருக்கும்.

முதன்முதலாக அதை அடித்த அன்று, பக்கத்துக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அத்தனையும் மிரண்டு ஓடி வந்து பெனால்டி பாக்ஸுக்குள் நின்றன. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இரண்டு அணியும் சேர்ந்து ஆடு விரட்டினோம். ரோட்டில் போன பஸ் டிரைவர், பின்னால் ஏதோ லாரி வழி கேட்கிறது என்று ஓரம் கட்டிவிட்டார். நின்ற பஸ்ஸில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது என்று நாலைந்து பேர் இறங்கி மேட்ச் பார்த்தார்கள். எங்கள் மைதானத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்ததே இப்படித்தான்.

விதிகளைப் பற்றி அவருக்கென்று தனி அபிப்பிராயம் உண்டு. ஆஃப்சைடு என்ற ஒன்றை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "வெரசா ஓடுனவன் முன்னாடிதான்யா நிப்பான். மெதுவா வந்தவனக் கேளுங்க, ஏன் பிந்துனேன்னு!" என்பார். ஒருமுறை ரெஃப்ரி விசில் ஊத, இவர் பதிலுக்கு ஹாரன் அடிக்க, விசில் யார் காதிலும் விழாமல் ஆட்டம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரெஃப்ரி கோபமாக எல்லைக் கோட்டுக்கு வந்தார்.

"என் விசில் யாருக்குமே கேக்கலங்க!"

"அது என் குத்தமா சார்? நாளைக்குக் கடைப்பக்கம் வாங்க. ஒங்க விசிலுக்கும் காத்தடிச்சுத் தாரேன்."

நான் அப்போதும் இப்போதும் அந்த அணியின் செக்ரட்டரி. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மிச்ச இரண்டு நாளும் ஆள் பிடிக்கிற வேலை. வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு டிரான்ஸ்ஃபர் சீசன் என்று ஒன்று இருக்கிறதாமே, எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. கடலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிற அன்று அதுவும் தொடங்கும். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். வலை இழுத்து இழுத்துத் தோள் இறுகிய பையன்கள் இரண்டு மாதம் சும்மா இருப்பார்கள். மாவட்டத்து டீம் செக்ரட்டரிகள் பாதிப் பேரை அன்று காலையில் அங்கே ஐஸ் பிளாண்ட் வாசலில் பார்க்கலாம். எல்லோரும் மீன் வாங்க வந்ததாகத்தான் சொல்வோம்.

ஆள் கிடைத்தால் மட்டும் போதாது, ரிலீஸ் லெட்டர் வேண்டும். ஒரு டீமில் பெயர் பதிந்த பிளேயர் இன்னொரு டீமுக்கு ஆட வேண்டுமென்றால், பழைய டீம் செக்ரட்டரி லெட்டர் பேடில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி, சீல் குத்திக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் உலக சாம்பியனே வந்தாலும் எங்கள் மாவட்டத்தில் கோட்டைத் தாண்டிக் கால் வைக்க முடியாது.

இந்த ஆள் மாற்றும் வியாபாரமே பஞ்சர் அண்ணனுக்குப் பிடிக்காது.

"ட்யூப்புல ஓட்டைன்னா ஒட்டுப் போட்டு ஓட்டணும் தம்பி. பொசுக்குன்னா புது ட்யூப்ப மாத்திக்கிட்டே இருந்தா, அந்த வண்டி யாரு வண்டின்னு அதுக்கே தெரியாது."

கெஸ்ட் பிளேயர் யாராவது பைக்கில் வந்து காற்றடிக்கக் கேட்டால், "கெஸ்டுக்குக் காத்து இல்ல. ஒங்க ஊருல போயி அடிச்சுக்கப்பா" என்று அனுப்பிவிடுவார். உள்ளூர்ப் பையனான லெஃப்ட் விங்கர் குமாருக்கு நான் ரிலீஸ் லெட்டர் கொடுத்த மறுநாள், என் ஸ்கூட்டர் பஞ்சர். கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் ஒரு சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் அடுத்த ஊர்க் கடைவரை தள்ளினேன். அந்தக் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"கோச்சுக்காதீங்க. பஞ்சர் அண்ணன் போன் பண்ணிட்டாரு. குமாரத் திரும்பக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் ஒங்களுக்கு இந்த ரூட்டுல காத்து அடிக்கக் கூடாதாம்."

இப்படிப்பட்டவர், ஜெகதாப்பட்டினத்திலிருந்து நாங்கள் கூட்டி வந்த கோல்கீப்பர் ரூபனிடம் மட்டும் தோற்றுப்போனார். முதல் மேட்சில் "கடல் தொறந்தா ஓடிப் போறவன்தானே நீ?" என்று கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று தொண்ணூறு நிமிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நிமிடத்தில் ரூபன் ஒரு பெனால்டியைக் குறுக்கே பாய்ந்து பிடித்தான். மொபெட்டிலிருந்து முழு ஹாரன் கிளம்பியது. கோலே விழாத ஒன்றுக்கு எதற்கண்ணே ஹாரன் என்று கேட்டேன். "அப்படி விழுந்து பிடிக்கிறவன் கெஸ்ட் இல்ல தம்பி, சொந்தக்காரன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் நான் கிண்டல்தான் செய்தேன்.

கிண்டல் செய்தோமே தவிர, உள்ளுக்குள் எங்களுக்கு அலுப்பும் இருந்தது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் எங்கள் தலைவரின் நாற்காலி, ஹாரனுக்கு நேர் முன்னால் இருக்கும். "இந்த மனுசன அங்கிட்டு எங்கயாவது தள்ளி விடுப்பா" என்று மேட்சுக்கு மேட்ச் காதைக் குடைந்துகொண்டே சொல்வார்.

போன வருடம் கோடை மழையில் போட்டிகள் தள்ளிப்போய், இறுதி ஆட்டத்துக்கு முன்பே தடைக்காலம் முடிந்துவிட்டது. "கடல் தொறந்துருச்சுண்ணே, நான் என்ன செய்ய?" என்று ரூபன் போனில் வருத்தப்பட்டுவிட்டுப் படகேறினான். எங்களிடம் வேறு கீப்பர் இல்லை. அரையிறுதியில் எங்களிடம் தோற்ற திருமயம் அணியில் நல்ல கீப்பர் ஒருவன் இருந்தான். அவனுக்கு ரிலீஸ் லெட்டர் கேட்டு நானும் தலைவரும் திருமயம் போனோம். அந்த செக்ரட்டரி நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார்.

"கீப்பரத் தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஒங்க டீமப் பாத்து எனக்குப் பொறாமை இல்லீங்க. அந்த ஹாரனப் பாத்தாத்தான் பொறாமை. எங்க கிரவுண்டுல எழவு வீட்டுல உக்காந்த மாதிரில்ல உக்காந்திருக்காங்க. பேசாம அவர எங்களுக்கு எழுதிக் குடுத்துருங்களேன்!"

எல்லோரும் சிரித்தோம். சிரித்த வேகத்தில் பையிலிருந்து லெட்டர் பேடை எடுத்தேன். 'எங்கள் கழகத்தின் ரசிகர் பஞ்சர் என்பவரைத் திருமயம் அணிக்கு விடுவிப்பதில் எங்களுக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை எனத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று எழுதி, சீலையும் குத்தினேன். தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆட்சேபணைக்குப் பக்கத்தில் 'மகிழ்ச்சியுடன்' என்று தன் கைப்பட ஒரு சொல்லையும் சேர்த்தார். லெட்டரை அந்த செக்ரட்டரி கையில் கொடுக்கும் முன் படம் எடுத்து எங்கள் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் வந்து குவிந்தன. முதல் பொம்மை நான் போட்டது.

பஞ்சர் அண்ணன் குரூப்பில் இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். பஞ்சர் ஒட்ட வந்த யாரோ ஒரு புண்ணியவான் அதைக் காட்டியிருக்கிறான். போனை வாங்கி, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை படித்தாராம். பிறகு பஞ்சரை ஒட்டிக் கொடுத்துவிட்டு, அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாராம். அவன் எனக்கு இதைச் சொன்னபோது, தமாஷை அவரும் ரசிக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தார். மொபெட், டேங்க், ஹாரன் எல்லாம் வந்தன. ஆனால் எங்கள் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம், தங்கள் கீப்பரைப் பார்க்க வந்திருந்த திருமயத்துக்காரர்களோடு போய் நின்றார். இரண்டாம் பாதியில் எங்கள் உள்ளூர்ப் பையன் தலையால் முட்டிக் கோல் போட்டான். பழக்கத்தில் நாங்கள் எல்லோரும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டோம்.

ஒன்றும் வரவில்லை. காதைப் பொத்திய கையோடு மைதானமே திரும்பி அவரைப் பார்த்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். கப்பைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு நான் எதிர்ப்பக்கம் ஓடினேன்.

"அண்ணே, ஹாரன் ரிப்பேரா?"

"ஹாரன் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏண்ணே அடிக்கல?"

"நான் திருமயம் ஆளுங்க. அடுத்த டீமு கோலுக்கு நான் எப்படி அடிக்கிறது? தப்புல்ல?"

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

"ஐயய்யோ, அது சும்மா வெளாட்டுக்குண்ணே!"

"சீல் இருக்கே. சீல வெளாட்டுக்கா குத்துவாங்க?" காகிதத்தை விரித்து என் முன்னால் நீட்டினார். "சரி, வெளாட்டுன்னே வச்சுக்குவோம். இதுல என் பேரு ஏன் இல்ல?"

"பஞ்சர்னுதாண்ணே எல்லாரும்…"

"பிளேயருக்கு எழுதுறப்ப அப்பா பேரோட சேத்து எழுதுறீங்கள்ல? பதினோரு வருசமா ஒங்க பந்துக்கு நான்தான் காத்தடிக்கிறேன். எனக்குன்னு ஒரு பேரு இருக்கும்னு ஒங்களுக்குத் தோணலயாங்க?"

அவர் பெயர் எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதைவிட, தம்பி என்று கூப்பிடுகிறவர் வாயிலிருந்து வந்த அந்த 'ங்க' என்னைச் சுட்டது. மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்கூட்டரைக் கொண்டுபோனால், "வாங்க சார். முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டு உடனே காற்றடித்துக் கொடுக்கிறார். எனக்குக் காற்றில்லை என்று ரூட் முழுக்க போன் போட்டாரே, அந்த நாட்களில்தான் நான் அவருக்கு வேண்டியவனாக இருந்திருக்கிறேன். இது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

இந்த சீசனில் திருமயத்தில் எங்களுக்கு மேட்ச். எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டையைத் தாண்டி அவ்வளவு தூரம், டேங்கைக் கட்டிய மொபெட்டில், ஒவ்வொரு ஞாயிறும் அவர் போய் வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தால், எல்லைக் கோட்டை ஒட்டி அவருக்கு ஒரு நாற்காலி. உடம்பில் திருமயம் ஜெர்சி. ஆஃப்சைடு கொடுத்த ரெஃப்ரியைப் பார்த்து எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். புதிதாக ஆள் எடுத்ததற்காக அந்த செக்ரட்டரிக்கும் நல்ல திட்டு விழுந்தது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. என்னைத் திட்ட வேண்டிய திட்டு அத்தனையும் வேறொருவன் வாங்கிக்கொண்டிருக்கிறான். ஜெர்சியின் முதுகில் அவர் பெயரைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அன்றுதான் அந்தப் பெயரை முதல் தடவையாகப் படித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் செக்ரட்டரியைத் தனியாகக் கூப்பிட்டு, லெட்டரைத் திருப்பித் தரும்படி கேட்டேன்.

"நானும் வெளாட்டாத்தாங்க கேட்டேன்" என்றார் அவர். "மறு வாரமே காகிதத்தோட வந்து, 'எந்தப் பக்கம் நிக்கணும்'னு கேட்டாரு. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். இனிமே அது ஒங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. அவருகிட்டயே கேளுங்க."

கேட்டேன். முதுகில் படித்த பெயரைச் சொல்லி, அதோடு அண்ணே என்று சேர்த்துக் கூப்பிட்டேன். டேங்கைக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிறும் கையுமாகத் திரும்பினார்.

"தப்பு எம்மேலதாண்ணே. நம்ம ஊருக்கே வந்துருங்க."

"நல்லா வெளாடுனீங்க சார், அந்தப் புதுப் பையன விட்டுறாதீங்க" என்றார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை. "இங்கிட்டு நான் வந்த அன்னைக்கே பேரக் கேட்டாங்க சார்."

அவர் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. எங்கள் மைதானத்தில் இப்போது ரெஃப்ரி விசில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கிறது. தலைவர்கூடப் போன வாரம் காதைக் குடைந்துகொண்டே, "என்னப்பா, வெறிச்சுன்னு இருக்கு" என்றார். அடுத்த தடைக்காலத்தில் எல்லா செக்ரட்டரிகளும் ஜெகதாப்பட்டினம் போகட்டும். நான் லெட்டர் பேடை எடுத்துக்கொண்டு திருமயம்தான் போகப் போகிறேன். எங்கள் டீமில் பதினோரு பேரையும் எடுத்துக்கொண்டு அவர் ஒருவரைக் கொடுங்கள் என்று கேட்டால் அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்காமல் கேட்பேன்.