நாலாவது லைப்ரரியும் நனையாத துணியும்

அவர் மனைவியைச் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. ஆனால் இரண்டு வாரமாக அவள் போனைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். இவர் எட்டிப் பார்த்தால் கவிழ்த்து வைக்கிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இவர் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதுதான் உறுத்தியது.

புரோகிராமர் இல்லையா, சனிக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டு வைஃபையில் எந்தப் போன் எங்கெங்கே போகிறது என்று காட்டிக்கொடுக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. ரெடிமேடாகக் கிடைக்காது, சோர்ஸ் கோடை இறக்கி நாமேதான் கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்க வேண்டும். இறக்கினார். முதல் அடியிலேயே நின்றது. அதற்குத் துணையாக வேண்டிய ஏதோ ஒரு கோடுத் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், இல்லையாம். அதைக் கொண்டுவந்தால் அது இன்னொன்றைக் கேட்டது. அந்த இன்னொன்றோ, மூன்றாவது வந்தால்தான் நானும் வருவேன் என்று சம்பந்தி மாதிரி முறுக்கிக்கொண்டது.

மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். அவசரமாகத் திரையை மறைத்தார்.

"என்னங்க, ஏதாவது சிக்கலா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலாமே."

"ஆபீஸ் வேலை. உனக்குப் புரியாது."

அவளும் புரோகிராமர்தான், இவரைவிட இரண்டு படி மேலே. அதனால்தான் கேட்கமாட்டார். கேட்பதற்கென்றே இணையத்தில் ஒரு மன்றம் பிடித்து வைத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் 'சிங்கம்' என்ற பெயரில் சேர்ந்தவர், தினமும் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கிறார். 'எறும்பு' என்று ஒருவர் சலிக்காமல் பதில் சொல்வார். தங்கமான மனிதர். முகம் தெரியாத அந்த எறும்பை இவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

இன்றைக்கும் அவரிடமே கேட்டார். பிழைச் செய்தியை ஒரு வரி விடாமல் ஒட்டச் சொன்னார் எறும்பு. ஒட்டினார். எழுபது வரி. ஒவ்வொரு வரியிலும், சோர்ஸ் கோடை இவர் போட்டு வைத்திருந்த ஃபோல்டரின் பெயரும் கூடவே போயிருந்தது: 'மனைவி_மர்மம்'. இவர் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது, சட்டென்று நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். சிரிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் குட்டு உடைந்துவிடும்.

இந்த முறை பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. நாலாவதாக ஒரு லைப்ரரி வேண்டுமாம், அதுவும் பழைய பதிப்புதான் ஒத்துப்போகுமாம். சொன்னபடி போட்டார். திரையில் வரிகள் கடகடவென்று ஓடத் தொடங்கின. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எறும்புக்கு நாலு தடவை நன்றி எழுதினார்.

"முடிய அரை மணி நேரம் ஆகும்," என்று பதில் வந்தது. "அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்காதீங்க. வானம் இருட்டிக்கிட்டு வருது. மாடியில காயற துணியை எடுத்துட்டு வந்து மடிச்சு வைங்க."

என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோய் மாடிக்கு ஓடினார். இரண்டு கொடித் துணியையும் அள்ளிவந்து, கட்டிலில் போட்டு, சட்டை, பாவாடை, தலையணை உறை என்று ஒன்று விடாமல் மடித்தார். கடைசித் துண்டை மடிக்கும்போதுதான் எறும்பின்மேல் அவருக்கு முதல் சந்தேகம் வந்தது: எங்கேயோ இருக்கிற மனிதருக்கு, நம் வீட்டு மாடியில் துணி காய்வது எப்படித் தெரியும்?