புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் போதும் என்றவன்

அழகாக இருக்கட்டும் என்று நான் கைவைத்த எதுவும் உருப்பட்டதில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் மீசையை இரண்டு பக்கமும் சமமாக்கப் போய், மறுநாள் மீசையே இல்லாமல் பாதிரியார் முன்னால் நின்றவன் நான். (ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் இன்றைக்கும் மாப்பிள்ளை யார் என்று கேட்கிறார்கள்.) அதில் போனது மீசை மட்டும்தான், வளர்ந்துவிட்டது. இது வேறு.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆள். சேர்த்துவிட்டவள் என் அக்கா ஸ்டெல்லா. அவள் அதே கம்பெனியில் ஆறு வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தாள். தட்டுத் தட்டாக வரும் இரும்புப் பின்களை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவைக் கம்ப்யூட்டரில் அடிப்பது அவள் வேலை. அந்த மாதம் நிரந்தர வேலைக்கு எடுக்கப்போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அம்மா அதற்காகவே ஒரு நவநாள் ஜெபம் தொடங்கியிருந்தாள்.

அக்கா அடிக்கும் அளவுகளைக் கட்டம் போட்ட தாளாக அச்சடிக்க, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு லைப்ரரியை, அதாவது யாரோ எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பை, வைத்திருந்தேன். எதைக் கொடுத்தாலும் கோடு கிழித்து அட்டவணையாக்கித் தரும். ஆனால் எண்களைக் கொடுத்தபடியே போடும். ஒன்று நீளம், ஒன்று குட்டை, வரிசையே இருக்காது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம், நம் ஊர்க் கணக்கில் லட்சத்துக்குக் காற்புள்ளி, புள்ளிக்கு நேராகப் புள்ளி என்று மூன்று வசதிகளை நானே எழுதிச் சேர்த்தேன். எதுவும் கேட்காவிட்டால் தானாக இரண்டு இலக்கம் என்று வைத்தேன்.

அந்த லைப்ரரியை நடத்துகிறவர் எங்கோ வெளிநாட்டுக்காரர். அதிலேயே சேர்த்துக்கொள்ளட்டும் என்று அவருக்கு அனுப்பினேன். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் யாரும் கேட்காதபோது எண்ணைத் தொடாதே என்று எழுதினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று பத்திக்கு அவருக்கு அழகியல் பாடம் நடத்திவிட்டு, என் வடிவத்தையே கம்பெனியில் போட்டேன். எங்கள் மேனேஜர் தாளைத் தூக்கிப் பார்த்துக் கன்னடத்தில் "சென்னாகிதே" என்று பாராட்டினார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பின்னின் தடிமன் பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு தட்டில் அக்கா அளந்தது 12.024. அப்படியேதான் அடித்தாள். தாளில் வந்தது 12.02. கையெழுத்துப் போடுகிறவர் தாளைப் பார்த்துப் போட்டார், தட்டுகள் லாரி ஏறின. மூன்றாம் நாள், வாங்கிய கம்பெனியில் பின்கள் துளைக்குள் இறங்காமல் அவர்கள் உற்பத்தி லைனே நின்றது.

கூட்டம் போட்டார்கள். தாளின் அடியில் அக்காவின் பெயர் இருந்தது. "நான் அடிச்சது பூஜ்யம் ரெண்டு நாலு சார்," என்று அவள் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அட்டவணையைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா அடித்தது பதிவாகியிருக்கும் கோப்பைத் திறந்தால் அந்த நாலு அப்படியே இருக்கும். கை போகவில்லை.

"சிஸ்டத்துல பன்னண்டு புள்ளி பூஜ்யம் ரெண்டுதான் சார் காட்டுது," என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தம்பியே சொல்லிவிட்டானே என்கிற முகம். அவளை வேலைக்கு வர வேண்டாம், கூப்பிடும்போது வா என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நான்கு நாள் நான் சொல்லவில்லை. (சரியான சமயம் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.) அவள் அதற்குள் தன் கண்ணையே சந்தேகப்பட்டு, கண் டாக்டரிடம் போய் வந்தாள். கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டியிருக்கிறாள். எதற்கும்மா வந்தே என்று கேட்டு அனுப்பிவிட்டாராம்.

"கண்ணு நல்லாத்தான் இருக்காம்டா. அப்ப எப்பிடிடா தப்பா அளந்தேன்?" என்று என்னிடமே கேட்டாள். அப்போதுதான் சொன்னேன். அவள் திட்டவில்லை. முதல்ல போய் அவங்ககிட்டச் சொல்லு என்றாள்.

சொன்னேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அக்கா மேல் தப்பில்லை என்றும் சொன்னார்கள். ஆனால் பட்டியல் அவள் பெயர் இல்லாமல் முந்தின நாளே கையெழுத்தாகிப் போயிருந்தது. அடுத்த பட்டியல் வரவேயில்லை. அக்கா இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் கம்பெனியில் இருக்கிறாள், சீசனுக்கு மட்டும் வேலை.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் இந்தக் கதை உண்டு. அக்காவே சொல்வாள். டாக்டர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்காட்டி, "எதுக்கும்மா வந்தே?" என்று நடிப்பாள். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். லைப்ரரி, இரண்டு இலக்கம், லாரி எல்லாம் வரிசையாக வரும். கூட்டத்தில் நான் சொன்னதை மட்டும் அவள் இதுவரை சொன்னதில்லை. என் மனைவிக்கு இன்றுவரை அது தெரியாது. அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் நான் ஒரு துண்டு கேக்கை வாயில் திணித்துக்கொள்கிறேன். அக்கா என்னைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போய்விடுகிறாள்.