கடைவாய்ப் பல்லில் அரசாங்கச் சொத்து

தூத்துக்குடித் துறைமுகத்தில் எங்கள் மிதவைப் பராமரிப்பு அலுவலகத்துச் சாமான் கிட்டங்கியில் ஒரு விதி உண்டு. உடைந்த பொருளின் துண்டை ஒப்படைத்தால்தான் புதியது வழங்கப்படும். நங்கூரச் சங்கிலியானாலும் சரி, குண்டூசியானாலும் சரி. 1974-இல் இந்த மகத்தான விதியை எழுதியவன் கிட்டங்கிக் காப்பாளனாகிய நானேதான். அதற்காக எனக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

மறு வருஷம் கடைவாய்ப் பல் வலித்தது. ஆபீஸ் பல் டாக்டர் மனுவேல், "பிடுங்காண்டாம் அண்ணாச்சி. இப்ப ரூட் கெனால்னு வந்திருக்கு. மெட்ராஸ்ல பெரிய மனுசங்கல்லாம் செஞ்சிக்கிடுதாங்க" என்றார். பெரிய மனுசன் என்றதும் வாயைத் திறந்துவிட்டேன். முத்துக் குளிக்கிறவன் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். வேருக்குள் ஊசியை விட்டுக் குடைந்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவசரமாகச் சிமெண்டு பூசி அனுப்பினார்.

கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியது. கஞ்சிகூட இறங்கவில்லை.

"ஊசி உள்ள ஒடஞ்சிட்டு," என்றார் டாக்டர். "சீழ் தாடைக்கு எறங்குனா உயிருக்கே ஆபத்து. எடுக்கணும்னா புது ஊசி வேணும். உங்க கிட்டங்கில கேட்டா, துண்டைக் கொண்டாங்காங்க."

"துண்டு எங்க?"

"உங்க வாயில."

"அப்ப எடுத்து ஒப்படைங்க."

"எடுக்கத்தான் ஊசி கேக்கேன்!"

உயிர் போகிற வலி. ஆனாலும் என் விதியில் ஒரு ஓட்டைகூட இல்லையே என்று பெருமையாகத்தான் இருந்தது.

நான் லீவில் இருந்ததால் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்ட என் உதவியாளன் பால்துரையிடம் வாயைத் திறந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தான். "சிமெண்டுதான் தெரியுது அண்ணாச்சி. துண்டைக் கண்ணால பாக்காம எப்படிக் குடுக்க? நீங்க எழுதுன ரூலுல்லா?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பையனை நன்றாகத்தான் பழக்கியிருந்தேன்.

கடைசியில் என் மனைவி அருணாசலவடிவு என்னை வெளி டாக்டரிடம் இழுத்துப் போனாள். "ரூல் எழுதுன கையை ஒடிக்கணும். அதுக்கும் துண்டு கேப்பிய!" என்று வழியெல்லாம் திட்டினாள். அந்த டாக்டர் பல்லையே பிடுங்கிப் போட்டார்.

வீக்கம் வடிந்ததும் பல்லோடு சேர்த்து ஊசித் துண்டை முறைப்படி ஒப்படைத்தேன். டாக்டர் மனுவேலுக்குப் புது ஊசி வழங்கப்பட்டது. ஆபீசே கைதட்டியது.

அந்த வாரமே பால்துரை வீங்கின கன்னத்தைப் பொத்திக்கொண்டு என் முன்னால் நின்றான். "அண்ணாச்சி, நானும் ரூட் கெனால் செஞ்சேன். புது ஊசியும் உள்ள ஒடஞ்சிட்டு. இன்னொண்ணு குடுங்க, உயிர் போவுது."

பல் போன சந்தில் காற்று வர, நான் கையை நீட்டினேன்.

"துண்டு எங்கலே?"