கொடிகாமத்தில் ஒன்பது பூகம்பங்கள்

வணிக வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுதவேண்டும். வாயால் வியாபாரம் நடந்த இருண்ட காலம் ஒன்று. வாயை மூடிக்கொண்டு வியாபாரம் நடக்கும் பொற்காலம் மற்றது. பொற்காலம் கடந்த மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கொடிகாமம் சந்தைக்கு வந்து சேர்ந்தது.

மரக்கறி மொத்த வியாபாரி குணலட்சுமி அதுவரை இருண்ட காலத்தில் நிம்மதியாக இருந்தார். யாழ்ப்பாணம் 'வெண்சங்கு' ஹோட்டலுக்குப் பதினாறு வருடமாக மரக்கறி அனுப்புவது அவர்தான். ஹோட்டல் களஞ்சியப் பொறுப்பாளர் நீக்கிலாப்பிள்ளை காலையில் தொலைபேசி எடுத்து ஓடர் சொல்வார். குணலட்சுமி பாதியில் மறிப்பார்.

"கத்தரிக்காய் இண்டைக்கு வேண்டாம் அண்ணை, புழு. பூசணி அனுப்பிறன்."

வாங்க வந்தவரிடமே வாங்கவேண்டாம் என்று சொல்லும் இந்தப் பிற்போக்கான பழக்கத்தால்தான் சந்தையில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் பெரிய சொத்து எதுவும் இல்லை.

இந்த அநாகரிகத்தை ஒழிக்கவே ஹோட்டலின் 'எண்ணிம உருமாற்ற அதிகாரி' டினேஸ் 'இணைகரம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். ஹோட்டல் கொம்பியூட்டர் ஓடர் அனுப்பும். குணலட்சுமியின் கைத்தொலைபேசியிலுள்ள செயலி அதைத் தானே ஏற்றுக்கொண்டு நன்றியும் சொல்லும். குணலட்சுமி செய்யவேண்டியதெல்லாம் குறுக்கே வராமல் இருப்பதுதான். ஓடர் பற்றி வாயால் கதைப்பது 'ஒப்பந்த மீறல்' ஆயிற்று. நீக்கிலாப்பிள்ளை நீச்சல் தடாகத்துக்கு மாற்றப்பட்டு, துவாய் எண்ணும் பொறுப்பில் அமர்த்தப்பட்டார்.

மூன்றாம் நாள் கத்தரிக்காயில் புழு. புழுவுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்த டினேஸ் மறந்துவிட்டார். செயலி அதற்குள் ஐம்பது கிலோவை ஏற்று நன்றி சொல்லியிருந்தது. குணலட்சுமி அவசரமாக 'மறு' என்ற பொத்தானை அழுத்தினார். செயலி மிகுந்த மரியாதையுடன் காரணம் கேட்டு, தெரிவு செய்யப் பட்டியலும் தந்தது: போர், வெள்ளம், பூகம்பம், கடற்கொள்ளை. புழு இல்லை.

போரை அவருடைய விரல் தொடவில்லை. அதைக் கத்தரிக்காய்க்குச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளம் என்று சொல்லலாமென்றால் வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பூகம்பத்தை அழுத்தினார்.

உடனே ஓடர் ரத்தானது. 'தங்கள் இழப்பில் பங்குகொள்கிறோம்' என்று ஹோட்டல் கொம்பியூட்டர் அனுதாபம் தெரிவித்தது. குணலட்சுமியின் செயலி அதற்கும் நன்றி சொன்னது. இரண்டு இயந்திரங்களுக்கிடையே இவ்வளவு பண்பை வணிக உலகம் அதற்கு முன் கண்டதில்லை.

சித்திரை முடிவதற்குள் கொடிகாமத்தில் ஒன்பது பூகம்பங்கள். முருங்கைக்காய் முற்றிப்போன இரண்டு நாட்களில் சந்தைக்குள் கடற்கொள்ளையர் இறங்கினார்கள். குணலட்சுமியின் பெயர் மட்டும் சேதமில்லாமல் தப்பியது.

வைகாசியில் டினேஸ் தொலைபேசியில் நேரே வந்தார். குரலில் துக்கம். கொடிகாமம் 'அதியுயர் அனர்த்த வலயம்' ஆகிவிட்டபடியால் குணலட்சுமியைப் பங்காளிப் பட்டியலிலிருந்து நீக்கியிருப்பதாகச் சொன்னார்.

"தம்பி, நீங்கள் இருக்கிறது மீசாலையிலையெல்லோ," என்றார் குணலட்சுமி. "என்ரை கடையிலையிருந்து மூண்டு மைல். உங்கடை வீடு ஆடினதோ?"

"ஆடேல்லை அக்கா. ஆனால் சிஸ்டத்திலை கிடக்கே. அம்மாவை அண்டைக்கே மானிப்பாய்க்கு அனுப்பிப்போட்டன்."

பிறகு டினேஸுக்கு உற்சாகம் வந்தது. போன கிழமை சேர்ந்த, குணலட்சுமிக்கும் தெரிந்த புதிய பங்காளி இதுவரை ஒரு ஓடரையும் மறுக்கவில்லையாம். 'இணைகரம்' நூற்றுக்கு நூறு வெற்றியாம். அதைக் கொண்டாட இன்று மதியம் வர்த்தகப் பிரமுகர்கள் நூற்றிருபது பேருக்கு விருந்து. கத்தரிக்காய்ப் பால்கறியும் உண்டு. பழைய பங்காளி என்ற முறையில் அக்காவும் கட்டாயம் வரவேண்டும் என்றார்.

குணலட்சுமி கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நேற்றுப் புழுவென்று கழித்துப்போட்ட மூடைகள் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அந்தக் கத்தரிக்காய் என்ரைதான் தம்பி," என்றார். "உங்கடை புதுப் பங்காளி காலமை வந்து ஏத்திக்கொண்டு போனவர். மாட்டுக்கெண்டுதான் சொன்னவர்."