டுமீல் ஆன்டியின் கொழுத்த டிவி

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் டுமீல் ஆன்டி அளவுக்கு ஆட்களைச் சுட்டுத் தள்ளியவர் இன்னும் பிறக்கவில்லை. காலையில் பசியாறுவதற்கு முன் முப்பது பேர், பசியாறிய பின் இன்னொரு முப்பது பேர் என்று கணக்கில்லாமல் சாய்ப்பார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவார்.

நான் அப்போது ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு பழைய பிளாட்டில், நாலாவது மாடியில் அறை எடுத்திருந்தேன். குடிவந்த முதல் சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டிலிருந்து ஓயாத வெடிச் சத்தம். நடுநடுவே ஒரு பெண் குரல், மிகவும் பொறுமையாக: "எங்கடா ஓடுற? பீப்பாய்க்குப் பின்னால ஒளிஞ்சா எனக்குத் தெரியாதா?"

கதவைத் தட்டினேன். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் திறந்தார். கஃப்தான் உடை, நெற்றியில் விபூதி, கையில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி.

"பக்கத்து ரூமா? உள்ள வா தம்பி. பெரிய ரவுடி ஒருத்தன் பாக்கி இருக்கான். அவனை முடிச்சிட்டு டீ போடறேன்."

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் பிளாட்டுக்குக் காவல் இருக்கும் ஜாகா முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் டுமீல் ஆன்டிதான். கணவர் இறந்து பல வருடங்கள். ஒரே மகன் குமரன் கல்யாணமாகிக் காஜாங்குக்குப் போனபோது தன் பழைய கேம் பெட்டியையும் துப்பாக்கியையும், மூன்று பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற ஒரு கொழுத்த டிவியையும் விட்டுப் போயிருந்தான். பேரங்காடிகளில் காசு போட்டு விளையாடுவார்களே, அதே சுடும் விளையாட்டு. ஒருநாள் தூசு தட்டும்போது ஆன்டி சும்மா போட்டுப் பார்த்தார். அத்துடன் தூசு தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"முப்பது வருசம் கவர்மென்ட் ஆபீஸ்ல கவுண்டர் வேலை தம்பி. வர்றவன் போறவன் எல்லாம் என் மேலதான் கத்துவான். விண்ணப்பப் பாரத்துல ஒரு கையெழுத்து இல்லன்னா என் தப்பு. கம்ப்யூட்டர் படுத்துக்கிட்டா அதுவும் என் தப்பு. நான் ஒருத்தன்கிட்டயும் திருப்பிக் கத்தல. இப்ப பாரு, இந்தத் தடியன் பாரமே இல்லாம வர்றான்." டுமீல். தடியன் சாய்ந்தான்.

குண்டு தீர்ந்தால் திரைக்கு வெளியே ஒரு தடவை சுட வேண்டும். அப்போதுதான் துப்பாக்கி மறுபடி நிரம்பும். அதற்கென்றே டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஆன்டி ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார். நடைபாதையில் பூந்தொட்டி வைக்கக் கூடாது என்று பிளாட் நிர்வாகக் குழுத் தலைவர் அனுப்பிய அறிவிப்பு அது. தலைவரின் கையெழுத்தைக் குறிபார்த்துத்தான் சுடுவார். ஆன்டியின் பதினொரு பூந்தொட்டிகளும் நடைபாதையில்தான் இருந்தன.

புதிதாகக் குடிவந்த யாரோ ஒருமுறை போலீசைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேர் வந்தார்கள். ஆன்டி அவர்களுக்கும் டீ போட்டுக் கொடுத்தார். இளையவரின் கையில் துப்பாக்கியைத் திணித்து, "நீயே சுட்டுப் பார்" என்று மலாயில் சொன்னார். அந்த மனிதர் இரண்டு நிமிடத்தில் செத்துப்போனார். பெரியவர் சிரித்த சிரிப்பு கீழே ஜாகாவுக்குக் கேட்டதாம்.

இரண்டு வருடம் அந்தச் சத்தம்தான் எனக்கு அலாரம். ஒரு திங்கட்கிழமை காலை சத்தமே இல்லை. பல் தேய்த்து, சட்டை மாட்டி, காலணியும் போட்டாகிவிட்டது. அப்போதும் சத்தமில்லை. கதவைத் தட்டினேன், பதிலில்லை. ஜாகாவைக் கூட்டிவந்து கிரில்லை உடைத்து உள்ளே போனோம். ஆன்டி நாற்காலியில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலக்கை தொங்கியது. துப்பாக்கி தரையில். என்னைப் பார்த்ததும் குழறிக்குழறிச் சொன்னார்:

"தம்பி... கேமை பாதில நிறுத்தி... வச்சிருக்கேன்... ஆஃப் பண்ணிடாத."

மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். ஸ்ட்ரோக். பேச்சு திரும்பிவிட்டது. நடையும் தட்டுத் தடுமாறித் திரும்பியது. வலக்கை மட்டும் அடங்கவில்லை. ஒரு கிளாசைப் பிடித்தால் பாதித் தண்ணீர் தரைக்குப் போனது. குமரன் பயந்துபோனான். இனி அம்மா தனியாக இருக்கக் கூடாது, காஜாங்குக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று முடிவெடுத்து, அவருக்குத் தெரியாமலேயே வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தான்.

ஆன்டி மருத்துவமனையிலிருந்து காரில் வந்து இறங்கிய அன்று காலை நானும் கீழேதான் நின்றிருந்தேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் அவருடைய கொழுத்த டிவி, பழைய சாமான் லோரிக்காகக் காத்திருந்தது.  ஆன்டி ஊன்றுகோலை ஊன்றி நேராக அங்கே நடந்தார். டிவியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, எங்க வீட்டுல சுவரளவுக்கு டிவி இருக்கு" என்றான் குமரன்.

"தீபாவளிக்கு வந்தப்பவே உன் டிவியில சுட்டுப் பாத்தேன். ஒருத்தனும் சாகல. இந்தத் துப்பாக்கிக்குத் தடி டிவிதான்டா கண்ணு தெரியும்."

குழுத் தலைவர் வந்தார். "ஆன்டி, இங்கல்லாம் உக்காரக் கூடாது."

"நோட்டீஸ் அனுப்புங்க. ஒட்டி வச்சுக்கறேன்."

லோரி வந்தது. அதை ஓட்டிவந்த சீன அங்கிள் இறங்கி ஆன்டியையும் டிவியையும் மாறிமாறிப் பார்த்தார். "டிவிய எடுத்தா என்னையும் சேத்து எடுக்கணும்" என்று ஆன்டி அவருக்கு மலாயில் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப ஹெவி லா" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறிப் போய்விட்டார்.

முக்கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் குமரன்தான் இறங்கி வந்தான். "சரி. மேல போலாம். அந்தக் கையாலயே கேம்ல முதல் கட்டத்தை முடிச்சுக் காட்டுங்க. முடிச்சா இங்கயே இருங்க. முடியலன்னா காஜாங்."

"எழுந்திரிக்கிறேன். தூக்கு" என்றார் ஆன்டி.

டிவியின் மூன்று மூலைகளைக் குமரனும் நானும் ஜாகாவும் பிடித்தோம். நாலாவது மூலையைத் தலைவர் பிடித்தார். 

மேலே போய்க் கேம் பெட்டியை மாட்டினோம். துப்பாக்கி ஆன்டியின் வலக்கையில். அதன் அடியில் முட்டுக்கொடுக்க இடக்கை. இரண்டும் சேர்ந்தும் நடுக்கம் நிற்கவில்லை. திரையில் ஆட்கள் ஓடிவந்தார்கள். கதவில் பட்டது, கூரையில் பட்டது, ஆட்கள் மேல் மட்டும் படவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆன்டி செத்துப்போனார். தொடரலாமா என்று கேட்டு, ஒன்பது, எட்டு என்று திரையில் எண்கள் இறங்கின.

"போதும்மா" என்றான் குமரன். அவன் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை.

ஆன்டி இடக்கைக் கட்டைவிரலால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். மறுபடி செத்தார். மறுபடி அழுத்தினார். ஆறாவது தடவை குமரன் குறுக்கே வந்து நின்றான்.

"இது கணக்கில்லம்மா. எத்தனை தடவ சாவீங்க?"

"தள்ளு, மறைக்காத. எத்தனை தடவ செத்தாலும் எழுந்து ஆடலாம்னு கேம் செஞ்சவனே விட்டுட்டான். நீ மட்டும் ஏன்டா ஒரே தடவைல முடிச்சு வைக்கப் பாக்கற?"

குமரன் தள்ளி நின்றான். பதினோராவது தடவை பெரிய ரவுடி வந்தான். ஆன்டியின் கஃப்தான் முழுக்க வியர்வை. ஒரு குண்டு ஜன்னலுக்குப் போனது, ஒன்று அவன் தொப்பிக்குப் போனது. அடுத்த ஏழும் நெஞ்சில். அவன் சாய்ந்தபோது கைதட்டியவர் தலைவர்.

குமரன் பாத்ரூமுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டான். "இங்க பக்கத்துல ஹார்ட்வேர் கடை எது? பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி அடிக்கணும்."

இதெல்லாம் நடந்து நாலைந்து வருடமாகிறது. நான் கிள்ளானுக்கு மாறிவிட்டேன். கம்பி பாத்ரூமில் இருக்கிறது, ஆன்டி பிரிக்பீல்ட்சில் இருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போவேன். குமரன் இன்னொரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதனால் இப்போதெல்லாம் இருவராகவே ஆடுகிறோம். எனக்குக் குறி வராது. இத்தனை வருடத்தில் இரண்டாம் கட்டத்தை நான் தாண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தன்னைச் சுட வருபவனை விட்டுவிட்டு, என்னைச் சுட வருபவனைத்தான் ஆன்டி முதலில் சாய்க்கிறார். கேட்டால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்:

"கை நடுங்குதுல்ல தம்பி, அந்தப் பக்கம் போயிடுது."