டிசம்பரில் பாடிய சூளக்காக்கா

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் இருபத்தைந்து நாள் நோன்பு தொடங்கிய அன்று மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றிச் சத்தியம் செய்தேன். கிறிஸ்துமஸ் வரை கள்ளு கிடையாது. என் ஈரலைப் பற்றி டாக்டர் சொன்னதிலிருந்து மனைவி ஏலிக்குட்டி சரியாகத் தூங்குவதில்லை. அதனால் மனப்பூர்வமாகத்தான் செய்தேன். மறுநாள் சாயங்காலம் வரை சத்தியம் நின்றது.

சாயங்காலம் ஓடைப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை. என் சிநேகிதன் உலகன்னான் கள்ளுக் குடுவையோடு வந்துவிட்டான் என்று அர்த்தம்.

"யாரு அச்சாயா அது?" என்றாள் ஏலிக்குட்டி, கப்பக்கிழங்கு உரித்தபடி.

"யாருமில்லடி. சூளக்காக்கா. காட்டுல இருக்குமே, நீலக் குருவி. மனுஷன் மாதிரியே சீழ்க்கை அடிக்கும்."

"காக்காவா, குருவியா?"

"பேருதான் காக்கா. சத்தம் கேட்டா ஜோடி எங்கிருந்தாலும் ஓடி வந்துடும். பாத்துட்டு வரேன். பறவை பாக்குறது ஈரலுக்கு நல்லது."

தினமும் போய்ப் பறவை பார்த்தேன். ஏலக்காய் மென்றுகொண்டே திரும்பினேன். வாழ்க்கையில் நான் காக்கா பிடித்தது அந்த டிசம்பரில் மட்டும்தான்.

ஒருநாள் ஏலிக்குட்டி கவலையாகக் கேட்டாள். "அச்சாயா, அந்தக் குருவிக்கு உடம்பு சரியில்லையோ?"

"ஏன்டி?"

"சூளக்காக்கா மழைக்காலத்துலதானே பாடும்? இந்தப் பனியில 'க்ரீ'ன்னு ஒத்தைச் சத்தம்தான் போடும். எங்க அப்பச்சன் வீட்டு ஓடையில கூடு கட்டும், எனக்குத் தெரியாதா?"

"இதுக்குக் கொஞ்சம் ஆர்வக்கோளாறு."

"அது பாட்டு ஒரு இடத்துல நிக்காது, இஷ்டத்துக்கு அலையும். இது தினமும் ஒரே மெட்டு."

"மனப்பாடம் பண்ணியிருக்கும்."

"அப்படியா," என்றாள். அவ்வளவுதான். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் அதே சீழ்க்கை, அதே மெட்டு. ஓடினேன். ஓடைப் பாறையில் உலகன்னான் இல்லை. வாயில் இரண்டு விரலோடு ஏலிக்குட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்பில் பால் விடாத கட்டஞ்சாயா.

"ஜோடி ஓடி வந்துடும்னு நீங்க சொன்னது சரிதான்," என்றாள்.

"உலகன்னான் எங்க?"

"அவன் பொண்டாட்டிகிட்டயும் குருவிக் கதையைச் சொன்னேன். அவ அவனைக் கூட்டுல அடைச்சிட்டா." பிறகு சொம்பை என் பக்கம் தள்ளினாள். "நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டுவேன் அச்சாயா?"

எனக்கு அழுகை வந்தது. சாயாவைக் குடித்தேன். நிஜமான நோன்பு அன்றுதான் தொடங்கியது.

கிறிஸ்துமஸ் போய்விட்டது, கள்ளும் போய்விட்டது. இப்போதெல்லாம் ஏலிக்குட்டி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதே இல்லை. சீழ்க்கை அடிக்கிறாள். முதலில் நாய் வருகிறது, பின்னால் நான்.